பதினாலு கதியால்

பக்கத்து வளவுப் பெரியப்பாவோடு எங்கள் வீடு பதினொரு வருஷமாகக் கோபம். எங்கள் ஊரில் கோபம் என்றால் கதை பேச்சு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் இருக்கமாட்டோம். செத்த வீட்டுக்கு மட்டும் போவோம், அங்கேயும் பிணத்தைத்தான் பார்ப்போம், ஆளை ஆள் பார்க்கமாட்டோம். அவர் எங்கள் ஐயாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒன்றுவிட்ட தமையன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது ஒரு வேலி. அது எங்கள் பக்கம் ஒன்றரை முழம் தள்ளி வந்துவிட்டது என்பது ஐயாவின் வழக்கு. பாட்டன் நட்ட கதியால்கள், அந்தக் கிளுவைத் தடிகள், நட்ட இடத்திலேயே நிற்கின்றன என்பது பெரியப்பாவின் பதில். வழக்குத் தொடங்கும்போது நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் முடித்து நல்லூரில் தட்டச்சுப் படிக்கப் போன பிறகும் அது தவணை தவணையாகப் போய்க்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கு மனு எழுதுவது ஒரு வருத்தம், தீராத நோய் மாதிரி. மாடு வேலியைக் கடித்தால் மனு. தபால்காரர் மணி அடிக்காமல் போனால் மனு. கோயில் ஒலிபெருக்கி அவர் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் அதற்கும் மனு. எல்லாவற்றுக்கும் காபன் தாள் வைத்து நகல் எடுப்பார், வாசலில் ஓடும் சின்னத் தெருவான ஒழுங்கையால் போகும் வண்டி எது வேலியில் முட்டினாலும் இலக்கத்தை எழுதிவிடுவார். மனைவி செத்து, பிள்ளைகள் கொழும்பிலும் லண்டனிலுமாக இருக்க, தனி மனிதராக அந்த வளவில் இருந்துகொண்டு அரசாங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம். நாங்கள் வீட்டுக்குள் இருந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் எங்கள் அண்ணையை ஆமி பிடித்துக்கொண்டு போனது.

எங்கள் தோட்டம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வடக்கே, செம்மண் நிலம். அன்றைக்கு வெங்காயத்துக்கு இறைப்பு. அண்ணை விடியவே கிணற்றடியில் தண்ணீர் மெசினை இயக்கிவிட்டு, மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். ஐயா கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தார். நான் சைக்கிளில் தட்டச்சு வகுப்புக்குப் போய்விட்டேன். வீட்டில் அம்மா மட்டும். அம்மா அடுப்படியில் நின்றபடி வாகனச் சத்தம் கேட்டார், ஏதோ மளமளவென்று முறிகிற சத்தம் கேட்டார், ஓடி வந்து பார்க்கும்போது ஒழுங்கையில் புழுதி மட்டும்தான் இருந்தது. தோட்டத்தில் மண்வெட்டி கிடந்தது. தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பெரியப்பாவின் பக்கம் போயிருந்தது. மெசின் எப்படியோ நின்றிருந்தது.

அண்ணைக்கு இருபத்தைந்து வயது. ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்கு வேண்டிய சுறுசுறுப்பு அவரிடம் இல்லை என்று நானே பலமுறை பகிடி பண்ணியிருக்கிறேன். அன்று பின்னேரம் அதை நினைத்து நினைத்து அழுதேன்.

ஐயா அடுத்த நாள் விடியவே முகாம் வாசலுக்குப் போனார். அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள். அதற்கடுத்த நாளும் போனார். இந்த முகாமில் இல்லாவிட்டால் அந்த முகாமில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் இங்கே கேளுங்கள் என்றார்கள். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போனோம், பிரஜைகள் குழுவுக்குப் போனோம், பாதிரியாரிடம் போனோம், நல்லூர்க் கோயிலில் நேர்த்தி வைத்தோம், சாதகம் பார்க்கிற ஒரு சாத்திரியிடமும் போனோம். சாத்திரி, பிள்ளை தெற்குத் திசையில் இருக்கிறான் என்றார். தெற்கே முழு இலங்கையும் கிடக்கிறது என்று நான் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன், அம்மா என்னை முறைத்தார்.

ஒன்றரை மாதம் போன பிறகு, எங்கள் வேலி வழக்கைப் பேசுகிற அப்புக்காத்தர், அதுதான் எங்கள் வழக்கறிஞர், ஆட்கொணர்வு மனு போடலாம் என்றார். பிடித்துவைத்திருக்கிற ஆளை நீதிமன்றத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டு என்று கேட்கிற வழக்கு அது, கொழும்பில்தான் போடவேண்டும். அம்மாவின் பெயரில் போட்டார். அம்மா சத்தியக் கடதாசி கொடுத்தார். தான் கண்டது புழுதி என்றும் கேட்டது சத்தம் என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அரசாங்கத்தின் பதில் வந்தது. முகாமின் கட்டளை அதிகாரி சத்தியம் பண்ணியிருந்தார். குறித்த நாளில் தன் முகாமிலிருந்து எந்த வாகனமும் எங்கள் ஊர்ப் பக்கம் போகவில்லை, அப்படி ஒரு ஆளைத் தாங்கள் கைது செய்யவே இல்லை, தேடப்படுகிற இளைஞர் படகேறி இந்தியாவுக்குப் போயிருக்கக் கூடும் என்று இருந்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் அமைச்சர்மார் சொல்கிற பதிலும் அதுதான். கடலைக் கண்டால் தலை சுற்றுகிற அண்ணையைப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கடதாசி வந்த கிழமையே ஒரு கார் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. ஆளும் கட்சியின் எங்கள் பகுதி அமைப்பாளர், தமிழர், நம்முடைய ஆள்தான், வெள்ளைச் சேட்டு, நல்ல மரியாதையான பேச்சு. அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு ஒரு தட்டச்சுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். மகன் இந்தியாவுக்குப் போய்விட்டதாக இப்போது தெரியவந்திருக்கிறது, ஆகவே மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருந்தது. அம்மா கையெழுத்து வைக்க ஒரு புள்ளிக்கோடும் இருந்தது.

"மேலிடத்திலை எனக்குச் சொல்லு இருக்கு," என்றார். "அவையின்ரை முகத்தைக் காப்பாத்தி விட்டீங்கள் எண்டால், ஒரு நாளைக்குப் பிள்ளை தன்ரை பாட்டிலை படலையைத் திறந்துகொண்டு வருவான். கோட்டிலை இழுத்தால் ஆமிக்காரருக்கு ரோசம் வரும். யோசியுங்கோ."

எனக்கு அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் நல்லது என்றுதான் பட்டது. இதை நான் இன்றுவரை வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மா பேனையைக் கையில் எடுத்துவிட்டார். ஐயாதான், அப்புக்காத்தரை ஒரு சொல்லுக் கேட்டுவிட்டு வைப்போம் என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

அப்புக்காத்தர் தாளை இரண்டு தரம் வாசித்தார். "கையெழுத்து வைச்சால் பிள்ளை இந்தியாவிலை," என்றார். "இந்தியாவிலை இருக்கிறவனை இஞ்சை ஒருத்தரும் தேடத் தேவையில்லை. இவங்களும் வைச்சிருக்கத் தேவையில்லை. விளங்குதோ?"

எங்களுக்கு விளங்கியது. அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கையெழுத்து வைக்காவிட்டாலும் நிலைமை நல்லாயில்லை என்றார் அவர். அடுத்த தவணைக்கு மூன்று கிழமை இருந்தது. அதற்குள் கண்ணால் கண்ட ஒரு சாட்சி வேண்டும். அதிகாரியின் சத்தியத்துக்கு எதிரே அம்மாவின் புழுதி நிற்காது. மனுத் தள்ளுபடியானால் அதுவும் அந்தக் கையெழுத்து மாதிரித்தான் முடியும்.

நாங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்டோம். வீடு வீடாகப் போய்க் கேட்டோம். எல்லாரும் சத்தம் கேட்டுக் கதவைப் பூட்டியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானும் பூட்டியிருப்பேன்.

அந்த நேரத்தில் கிராம சேவகர், அவரை ஊரில் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள், ஒரு அறிவித்தல் அனுப்பினார். எங்கள் தண்ணீர் பெரியப்பாவின் வெங்காயப் பாத்திகளை அழித்ததாக முறைப்பாடு, விசாரணைக்கு வரவும். அது நாலாவது அறிவித்தல். முதல் மூன்றையும், பெரியப்பாவின் முறைப்பாட்டு நகல் இணைத்தபடியே, ஐயா வாசியாமல் கிழித்து அடுப்பில் போட்டிருந்தார். நாலாவதையும் கிழிக்கப் போனவரிடமிருந்து நான் பறித்தேன். பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிற வீட்டுக்கு வெங்காயத்துக்கு ஆள் அனுப்புகிற மனிதரை நாலு கேள்வி கேட்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடுதான் விசாரணை நாளன்று சைக்கிளை எடுத்தேன். வழி நெடுகக் கேள்விகளைத் தயார்பண்ணிக்கொண்டு போனேன்.

விதானையாரின் கந்தோர், அதாவது அலுவலகம், அவருடைய வீட்டு முன்னறைதான். பெரியப்பா முன்னமே வந்து, மடியில் தாள்கள் கட்டிய ஒரு கோவையோடு நிமிர்ந்து இருந்தார்.

"ஐயா வரேல்லையோ பிள்ளை?" என்று விதானையார் கேட்டார்.

"ஐயா முகாம் வாசலிலை நிக்கிறார். ஆளைத் துலைச்சவைக்கு வெங்காயம் பாக்க நேரமில்லை."

விதானையார் சங்கடப்பட்டுக்கொண்டு, முறைப்படி முறைப்பாட்டை வாசித்துக் காட்டினார். பெரியப்பாவின் எழுத்து எப்போதும் நீதிமன்றத் தமிழ்தான். 'மேற்படி தினம் காலை ஏழு மணியும் நாற்பது நிமிஷமும் ஆகையில், எதிராளியின் மகனானவர் இராணுவத்தினரால் பிடிக்கப்பட்டு ஜீப் வண்டியில் ஏற்றப்பட்டபடியால், இறைப்பு மெசினை நிறுத்தாமற் சென்று என் பயிருக்கு நட்டம் விளைவித்தார். பின்னால் வந்த ட்ரக் வண்டியானது ஒழுங்கையில் திரும்ப இயலாது பின்னோக்கி வந்து, என் எல்லை வேலியில் பதினாலு கதியாலை முறித்தது. மேற்படி வண்டிகளின் இலக்கங்களாவன...' இரண்டு இலக்கங்களும் இருந்தன.

வழியில் தயார்பண்ணிய கேள்வி ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டேன். பதினொரு வருஷத்தில் நான் அவரோடு கதைத்த முதல் சொல் அதுதான்.

அவர் என்னைப் பார்க்காமல் விதானையாரைப் பார்த்துப் பதில் சொன்னார். "காணாமல் எழுதுவனோ? வேலிக்கு இஞ்சாலை நிண்டனான்."

"அப்ப ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"கோவமெல்லோ. எண்டாலும் எழுத்திலை மூண்டு தரம் அனுப்பினனான். கொப்பர் வாசிக்காட்டி நான் என்ன செய்யிறது?"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டவேண்டும் போல இருந்தது. முகாம், கச்சேரி, பாதிரியார், சாத்திரி என்று அலைந்தோம். ஒழுங்கையில் எல்லாப் படலையையும் தட்டினோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரை மட்டும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றக்கூட இல்லை. கேட்காமலே வந்த பதிலையும் மூன்று தரம் எரித்தோம். எங்கள் சாதி சனத்தைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு மடைத்தனம் செய்யமாட்டார்கள் என்று நான் இப்போதும் நம்புகிறேன்.

அதோடு முடியவில்லை. பெரியப்பா கோவையிலிருந்து இன்னும் ஒன்றை உருவினார். கதியால் பதினாலையும் திரும்ப நட்டுத் தரவேண்டும் என்று கேட்டு, கச்சேரிக்கு முன்னால் தட்டச்சு மெசினோடு இருக்கிறவரிடம் ஆங்கிலத்தில் அடிப்பித்து, முகாமுக்கே பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருந்தார். அந்த வருஷத்தில் யாழ்ப்பாணத்தில் ஆமியிடம் வேலி கட்டித் தா என்று கேட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அதைவிட ஆச்சரியம், பதில் வந்திருந்தது.

"சிங்களத்திலை கிடக்கு," என்று விதானையாரிடம் நீட்டினார். "என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு தெரியேல்லை. மாட்டம் எண்டுதான் இருக்கும்."

விதானையார் உத்தியோகச் சோதனைக்குச் சிங்களம் படித்தவர். உதடு அசைய மெல்ல மெல்ல வாசித்தார். பாதியில் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினார். பிறகு வந்திருந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். முகாமின் வாகனப் பிரிவு எழுதுவினைஞர் எழுதியது. உங்கள் கடிதம் கிடைத்தது. சாரதியிடம் விசாரித்ததில், குறித்த நாளில் குறித்த ஒழுங்கையில் சந்தேக நபர் ஒருவரைக் கைதுசெய்து திரும்பும்போது, வண்டி திருப்ப இடம் போதாமையால் வேலிக்குச் சேதம் ஏற்பட்டதாகக் கூறுகிறார். உங்கள் கோரிக்கை மேலதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டுள்ளது. கீழே கையெழுத்தும் றப்பர் முத்திரையும்.

"அப்ப உடைச்சது தாங்கள்தான் எண்டு ஒத்துக்கொண்டிட்டாங்கள்," என்றார் பெரியப்பா. அவருடைய முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நான் உந்தக் கடிதத்தை வாசிக்கேல்லை," என்றார் விதானையார். "ரெண்டு பேரும் போங்கோ."

வெளியில் வந்து கடிதத்தைத் தாருங்கள் என்று கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன். அவர் கோவையை நாடாவால் கட்டிக்கொண்டே, இது தன்னுடைய வேலி வழக்குக் கடிதம் என்றும் எதிர்ப் பகுதியிடம் கொடுக்கிற வழக்கமில்லை என்றும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து, முகாமிலிருந்து திரும்பிய ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிணற்றடியில் முகத்தைக் கழுவி, சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பாவின் படலைக்குப் போனார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். பெரியப்பா முற்றத்தில் நின்றார். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

"வேலி நிக்கிற இடத்திலையே நிக்கட்டும்," என்றார் ஐயா. "அந்த ஒண்டரை முழத்தையும் எழுதித் தாறன். வழக்கை நாளைக்கே எடுக்கிறன். அந்தக் கடிதத்தைத் தந்து, கோட்டிலை வந்து கண்டதைச் சொல்லுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்படிக் கோபப்பட்டு நான் அவரைக் கண்டதில்லை.

"என்னை என்னெண்டு நினைச்சாய்? காணியை நான் கோட்டிலை வெண்டு எடுப்பன். உன்ரை பிள்ளையை வைச்சு எனக்கு ஒரு விரற்கடை நிலமும் வேண்டாம்."

பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "எப்ப போகவேணும்?"

அப்புக்காத்தர் கடிதத்தைக் கண்டதும் இருந்த கதிரையை விட்டு எழுந்துவிட்டார். அதன்பிறகு அவர் சொன்னதுதான் வேடிக்கை. வேலி வழக்கை எடுக்கவே கூடாது. சமாதானமாகவே கூடாது. தவணை முடியுமட்டும் ஒரு சொல்லுக் கதைக்கவும் கூடாது. பகையாளி சொல்கிற சாட்சி என்பதுதான் எங்கள் பலம், சொந்தக்காரர் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அரச தரப்பு அதைத்தான் பிடிக்கும் என்றார். பதினொரு வருஷம் நாங்கள் பழகிய காரியம், அதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

செய்தி எப்படியோ போய்விட்டது. அமைப்பாளரின் கார் இந்தமுறை பெரியப்பாவின் படலையில் நின்றது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து கேட்டேன். உங்கள் எதிராளியின் பிள்ளைக்காக நீங்கள் ஏன் ஆமியோடு கொழுவுகிறீர்கள், கொழும்பில் உங்களுக்கும் ஒரு மகன் இருக்கிறானல்லவா என்று அவர் பதமாகத்தான் கேட்டார். நான் அவருடைய இடத்தில் இருந்தால் அந்த இடத்திலேயே மடங்கியிருப்பேன்.

"தம்பி, உம்மடை கார்ச் சில்லு என்ரை மதகிலை ஏறி நிக்குது," என்றார் பெரியப்பா. "இறக்கிப்போட்டுக் கதையும்." அவர் காரைப் பின்னுக்கு எடுக்க, பெரியப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இலக்கத்தை எழுதினார். கார் திரும்பி வரவில்லை.

கொழும்புக்குக் காலைக் கோச்சியில் போனோம். ஒரே பெட்டி, ஆனால் நாங்கள் இந்தத் தலைப்பில், அவர் அந்தத் தலைப்பில். அம்மா புட்டுப் பொட்டலம் கட்டும்போது நாலாகக் கட்டினார், கொண்டுபோய்க் கொடுக்கத்தான் முடியவில்லை. வவுனியா தாண்டி ஒரு இடத்தில் ரயிலை மறித்து ஆமிக்காரர் ஏறினார்கள். பைகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெரியப்பாவின் மடியில் கோவை இருந்தது. அதற்குள், பதினொரு வருஷத்து நில அளவைப் படங்களுக்கும் மனு நகல்களுக்கும் நடுவில், அந்த முகாமின் முத்திரை குத்திய கடிதம்.

ஒரு இளம் ஆமிக்காரன் கோவையை வாங்கினான். நாடாவை அவிழ்த்தான். ஒரு தாள் எடுத்தான், திருப்பினான், அடுத்ததை எடுத்தான். அம்மா என் கையைப் பிடித்த இடத்தில் நகம் இறங்கியது. பெரியப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு தாளாகக் காட்டி, இது வேலி, இது கிணறு, இது பாட்டன் எழுதிய உறுதி, இது இவர்கள் செய்த அநியாயம் என்று எங்களை நோக்கி விரலை நீட்டி விளக்கத் தொடங்கினார். மெய்யான ஆத்திரத்தோடு விளக்கினார். ஆமிக்காரன் எங்களைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், பாதியில் கோவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். பெரியப்பா தாள்களை ஒழுங்குமாறி அடுக்கிவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு, கொழும்பு வருமட்டும் அடுக்கினார்.

நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலம். பெரியப்பா தமிழில் சொல்ல ஒருவர் மொழிபெயர்த்தார். அரச தரப்பு வழக்கறிஞர் சிரித்த முகத்தோடுதான் தொடங்கினார். மனுதாரரின் கணவர் உங்களுக்குத் தம்பி முறை அல்லவா? ஓம். தம்பியின் மகனைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்வது இயற்கைதானே?

பெரியப்பா கோவையைத் திறந்தார். வழக்கிலக்கத்தையும் தவணைகளையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். ஐயா தன்னைக் காணிக்கள்ளன் என்று எழுதிய பந்தியை வாசித்துக் காட்டினார். தான் ஐயாவைப் பற்றி எழுதியதையும் வாசித்தார். "இவருக்காக நான் பொய் சொல்லுறதோ?" என்று நீதிபதியிடமே கேட்டார். நீதிபதி கையால் வாயை மறைத்தார். ஐயா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

வழக்கறிஞர் விடவில்லை. இறைப்பு மெசின் நிறுத்தாமல் விடப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, பிறகு யார் நிறுத்தியது?

"நான்தான்."

"எதிராளியின் காணிக்குள் நுழைந்தோ?"

பெரியப்பா கோவையை மூடினார். "ஓம். வேலி முறிஞ்சு கிடந்தது. அதுக்குள்ளாலை போனனான். பெடியனை ஏத்தேக்கை அவன் என்னைப் பாத்து, பெரியப்பா, மெசின் எண்டு கத்தினவன். பேந்து எப்பிடிப் போகாமல் இருக்கிறது?"

அது எந்த மனுவிலும் இல்லை. எங்களுக்கும் அப்போதுதான் தெரியும். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் அப்புக்காத்தர் கடிதத்தை நீட்டினார். நீதிபதி அதையும் கட்டளை அதிகாரியின் சத்தியக் கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கன நேரம் வாசித்தார். அரச தரப்பு வழக்கறிஞர் மத்தியானம் வரை தவணை கேட்டார். நாங்கள் விறாந்தையில் நின்றோம். அம்மா நிற்க முடியாமல் தரையில் இருந்துவிட்டார். ஒருவேளை முகாமில் அவசரப்பட்டு அண்ணையை ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் இருந்தது. பெரியப்பா அந்தத் தலைப்பில் ஒரு தூணோடு நின்றார், நாங்கள் இந்தத் தலைப்பில்.

மத்தியானம் அவர்கள் திரும்பி வந்து, புதிதாகக் கிடைத்த தகவலின்படி குறித்த நபர் தெற்கே ஒரு முகாமில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவர் எங்களுக்காகத் திரும்பி, "உயிரோடை இருக்கிறார்," என்று தன் பாட்டில் ஒரு வரி சேர்த்தார். சாத்திரி சொன்ன திசை சரியாகத்தான் இருந்தது. இரண்டு கிழமையில் ஆளைக் கொண்டுவந்து காட்டும்படி நீதிபதி கட்டளையிட்டார். அப்புக்காத்தர் வெளியில் வந்து, இனிப் பிள்ளை பதிவில் இருக்கிறான், இனி இல்லை என்று சொல்ல முடியாது என்றார். கொழும்புத் தெருவில், தமிழ் வெளியே கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிக் கூட்டிவந்த தெருவில், நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பொய்ச் சத்தியத்துக்கு அந்த அதிகாரியிடம் நீதிமன்றம் விளக்கம் கேட்டது. எழுத்துப் பிழை என்று ஒரு பக்க விளக்கம் வந்ததாகவும், பிறகு அவர் பதவி உயர்ந்து வேறு இடம் போனதாகவும் கேள்விப்பட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றி எரியும். அந்தக் கடிதத்தை எழுதிய எழுதுவினைஞருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. யாரோ ஒரு சிங்களப் பெடியன், வந்த கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் போடவேண்டும் என்று படித்தவன். கையெழுத்து விளங்கவில்லை, இல்லாவிட்டால் அவனுக்கும் ஒரு நேர்த்தி வைத்திருப்பேன். வேலி வழக்கு, யாழ்ப்பாணத்தில் நீதிமன்றம் நடக்காமல் போகும்வரை நடந்தது. அதில் யாரும் வெல்லவில்லை.

அண்ணை வீட்டுக்கு வர இன்னும் ஏழு மாதம் சென்றது. ஒரு குற்றச்சாட்டும் இல்லை என்று விட்டார்கள். ஆனால் எங்களுக்கு அவர் வந்தது, கொழும்பில் அவரைக் கொண்டுவந்து காட்டிய அன்றைக்குத்தான்.

அன்றைக்கு ஐயா, அம்மா, நான் மூன்று பேரும் போயிருந்தோம். இரண்டு காவலாளிகளுக்கு நடுவில் அவரைக் கூட்டிவந்தார்கள். யாருடையதோ பெரிய சேட்டு, மொட்டைத் தலை. மெலிந்து போயிருந்தார், நடையில் ஒரு இழுவை இருந்தது. எங்களைக் கண்டு சிரிக்கப் பார்த்தார். இவர்தானா உங்கள் மகன் என்று நீதிபதி அம்மாவைக் கேட்டார். அம்மா ஓம் என்று தலையை ஆட்டினார். முடிந்து வெளியில் வந்ததும், ஒரு காவலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷம் என்று விரலைக் காட்டினார்.

அம்மா அழப்போகிறார் என்று நான் பிடிக்கத் தயாராக நின்றேன். அவர் அழவில்லை. அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். காவலாளிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பத்தும் இருக்கு," என்று ஐயாவிடம் சொன்னார்.

பிறகு கீழே குந்தி, அண்ணையின் செருப்பைக் கழற்றி, கால்விரல்களை எண்ணத் தொடங்கினார்.